மேல் ஓடை, கீழ் ஓடை

டிவைஸ் ட்ரீ கோப்பில் ஒரு நோடுக்குப் பெயர் வைப்பதற்கு எதற்கம்மா இத்தனை கெடுபிடி என்று காலையில் உங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்துச் சமாளித்துவிட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு சொல்கிறேன் என்றேன். சாப்பிட்டாயிற்று. ஓய்வு பெற்ற ஒருத்தியைப் பேசக் கூப்பிட்டால் பழங்கதைதான் கிடைக்கும். இது அவ்வளவு பழையதும் இல்லை.

இன்றுதான் சேர்ந்தவர்களும் இருக்கிறீர்கள் என்பதால் முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் செய்கிற சின்னப் பெட்டிக்குள் இருக்கும் கணினிக்கு, கண் விழிக்கும்போது தன்னோடு என்னென்ன இணைந்திருக்கிறது என்று தானாகத் தெரியாது. ஒரு கோப்பு அதற்குச் சொல்கிறது: இங்கே ஒரு வெப்பமானி, இன்ன முகவரியில். அங்கே ஒரு சீரியல் போர்ட், இன்ன முகவரியில். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு பதிவும் ஒரு நோடு. அதன் பெயர் அந்தப் பொருள் பொதுவாக என்ன என்பதை மட்டும் சொல்ல வேண்டும் என்பது கெர்னல், அதாவது கணினியின் அடிப்படை நிரல், எழுதுகிறவர்களின் வழக்கம். செய்த கம்பெனியின் பெயர் கூடாது. எந்த மரத்தில் மாட்டியிருக்கிறோம் என்பதும் கூடாது. இடத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு லேபிள் என்று தனியாக ஒன்று உண்டு.

இந்த வழக்கத்தை நாங்கள் எல்லோரும் மீறியிருக்கிறோம். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்துக்குச் செய்த பெட்டியில், வெப்பமானிக்கு அதைச் செய்த கம்பெனியின் பெயரையே ஒருவர் வைத்திருந்தார். அந்த கம்பெனி மூடிப்போனது. வேறு வெப்பமானி போட்டோம். பெயர் மட்டும் செத்துப்போன கம்பெனியுடையதாகவே நின்றது. பால் கெடவில்லை, நாங்கள் கேலி பேசியதோடு போயிற்று. பெயர் பொய் சொன்னால் இவ்வளவுதான் ஆகும் என்று நினைத்திருந்தோம்.

ஜெபா எங்களிடம் வந்தது அதற்குப் பிறகு. மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்து பறிக்கிறவர். அப்பா இல்லை. பாலக்காட்டுக்கு வந்த புதிதில் இந்த வெயிலைத் தாங்க முடியாமல் முகத்தில் ஈரத்துணி போட்டுக்கொண்டு வேலை செய்வாள். நான் பாலக்காட்டுப் பக்கத்து நல்லேப்பிள்ளிக்காரி. என் பேச்சை அவளும் அவள் பேச்சை நானும் நடித்துக் காட்டிக் கிண்டல் செய்துகொள்வோம். என் மேசையில் வேறு வேலை, அவள் மேசையில் வேறு வேலை. நடுவில் ஒரு தடுப்புப் பலகை மட்டும்.

அவளுடைய எஸ்டேட்டுக்கே ஒரு வெள்ள எச்சரிக்கை நிலையம் செய்யும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. லயத்துக்கு இரண்டு பக்கமும் ஓடை. கீழே ஓடுவது அகலமானது, அதன்மேல் ஒரு பாலம், பாலத்தைத் தாண்டினால் ரோடு. மேலே ஓடுவது குறுகலானது. அதைக் கடந்து ஏறினால் மேட்டில் கோயில். கோயில் என்றால் அவர்களுக்கு மாதா சுரூபமோ கோபுரமோ இல்லை, ஓட்டுக்கூரை போட்ட ஜெபக் கட்டடம். மழை மிஞ்சினால் எந்த ஓடை ஏறுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் சனங்கள் போக வேண்டும். இதுதான் திட்டம். ஒவ்வொரு ஓடை மேலும் நீர்மட்டம் பார்க்கும் ஒரு சென்சார், இரண்டிலிருந்தும் கேபிள் வந்து ஒரே பெட்டியில் செருகும், பெட்டி எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பும்.

அந்தப் பெட்டியின் கோப்பை ஜெபாதான் எழுதினாள். இரண்டு நோடுகளுக்கும் மேல்-ஓடை, கீழ்-ஓடை என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தாள். வழக்கம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் குழுவில் ஒருவர் கேட்டபோது அவள் சொன்னது தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது.

"ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சு, பின்னால நம்பர் போட்டா, மழையில நின்னுக்கிட்டு எது எதுன்னு எவன் கணக்குப் பாப்பான்? மேல் ஓடைன்னா எங்க ஊருல சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

நியாயமாகத்தான் பட்டது. குழுவும் ஒத்துக்கொண்டது. மெசேஜ் அனுப்பும் நிரலும் அந்தப் பெயரையே எடுத்துப் படித்து, அதையே தமிழில் அனுப்பியது. முதல் மழைக்காலம் முழுவதும் அது சரியாகவே வேலை செய்தது. ஊரில் அவளுக்கு ஏக மரியாதை. கிறிஸ்துமஸுக்குப் போனவள் பை நிறைய பலகாரத்தோடு திரும்பினாள். உபதேசியார் பிரசங்கத்தில் அவளைப் பற்றிச் சொன்னாராம். அந்தக் கோயிலில் ஜெபம் நடத்துகிறவர் அவர். சின்ன வயதில் அவளுக்கு வேதப்பாடமும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவர். "என்னய நிக்கச் சொல்லி எல்லாரையும் கைதட்ட வச்சாகக்கா" என்று வெட்கத்தோடு சொன்னாள்.

அடுத்த மழை தொடங்கும் முன்பு இடி விழுந்து பெட்டியின் உள்ளே இருந்த போர்டு போய்விட்டது. சேகர் என்று வட்டவடைக்காரர் ஒருவர், எங்களுக்காக மலையில் கான்ட்ராக்டில் வேலை செய்பவர், போய்ப் புது போர்டு மாட்டினார். இரண்டு கேபிளுக்கும் ஒரே மாதிரி செருகி. கழற்றினார், மாட்டினார், விளக்கு எரிந்தது, இரண்டிலும் அளவு வந்தது. மேலே இருப்பது கீழேயும் கீழே இருப்பது மேலேயும் மாறிப்போனதைச் சொல்ல அங்கே எதுவும் இல்லை. பெட்டியும் சொல்லாது. எந்தச் செருகியில் எந்த ஓடை வந்தாலும் முதல் செருகிக்கு மேல் ஓடை என்று பெயர் எழுதியாயிற்று.

அன்று பாலக்காட்டில் மழை இல்லை. மதியச் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்திருந்தோம். ஜெபாவின் திரையில் எச்சரிக்கை வந்தது: கீழ் ஓடையில் நீர் ஏறுகிறது. அங்கே காலையிலிருந்தே கொட்டுகிறது என்று அவளுக்குத் தெரியும். வார்டு மெம்பரைக் கூப்பிட்டாள், லைன் கிடைக்கவில்லை. அவள் குழுத்தலைவர் வெளியூர். எழுந்து என்னிடம் வந்தாள்.

"அக்கா, மெம்பருக்கு லைன் கெடைக்கல. நானே கூப்பிட்டுச் சொல்லிரவா?"

"சொல்லு கண்ணு. இதுக்குப் போயி யாரக் கேக்கோணும்?"

உபதேசியாரைக் கூப்பிட்டாள். கோயில் மணி அடிப்பவர், அவர் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நானும் கேட்டேன்.

"ஐயா, கீழ் ஓடை ஏறுது. பாலத்துப் பக்கம் யாரையும் விடாதீக. எல்லாரையும் மேல கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

"சரிம்மா. புள்ளைகள வச்சுக்கிட்டு இவுக மெதுவாத்தான் வருவாக. நா முந்திப் போயிக் கதவத் திறந்து விளக்கப் போட்டு வைக்கேன். நீ பயப்படாத, என்ன?"

அவ்வளவுதான் பேசினார்.

ஜெபா திரைக்குத் திரும்பினாள். நானும் அவள் பின்னால் நின்றேன். இரண்டு கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. கீழ் ஓடை என்று எழுதியிருந்த கோடு படிப்படியாகத் தாவித் தாவி ஏறியது. மற்றது மெல்ல, சாய்வாக. எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. அவள் நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள்.

"அக்கா, கீழ் ஓடை இப்படித் தாவாது."

"என்ன கண்ணு சொல்ற?"

"அது அகலம். பால் பொங்குத மாதிரி மொள்ளத்தான் ஏறும். இப்படிக் குதிக்கிறது மேல் ஓடைதான். சின்ன வயசுல இருந்து பாத்திருக்கேன்."

நான் பேச வாயெடுத்தேன். மெசேஜ் போய்விட்டது, எல்லோரும் நடக்கத் தொடங்கியிருப்பார்கள், இப்போது மாற்றிச் சொல்லி அது தவறாகிப்போனால் என்ன ஆகும் என்பதெல்லாம் மனதில் ஓடியது. ஒரு கோட்டின் சாய்வை நம்பி ஒரு ஊரையே திருப்புவதா? ஆனால் அந்தத் தண்ணீரை அறிந்தவள் அவள். "கூப்பிட்டுக் கேளு" என்று மட்டும் சொன்னேன்.

உபதேசியார் ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் மனைவி எடுத்தார்.

"அம்மா, ஜெபா பேசுதேன். வெளிய வந்து கேளுங்க. எந்தப் பக்கம் எரையுது?"

கதவு திறக்கும் சத்தமும் மழைச்சத்தமும் கேட்டன.

"மேல இருந்துல்லா ஏட்டி எரையுது. ரயிலு வாற மாதிரி. கீழ ஒண்ணும் இல்லியே."

"அம்மா, மேல போகாதீக! நா சொன்னது தப்பு. எல்லாரையும் திருப்புங்க. கீழப் பாலம் வழியா ரோட்டுக்குப் போங்க. உடனே!"

"அவுக போயிட்டாகளே ஏட்டி. கோயிலத் திறக்க."

ஜெபா கையை என் பக்கம் நீட்டினாள். நான் ஃபோனை வாங்கினேன். "ஏனுங்கம்மா, மத்தவங்க எல்லாம் எங்கிருக்காங்க?" என்று கேட்டேன். அந்த அம்மா "எல்லாரும் வாறாக" என்று யாரிடமோ சொல்வதைப் போலச் சொன்னார். பிறகு அவர் கத்துவது கேட்டது, எங்களிடம் அல்ல. லைன் அறுந்துவிட்டது.

பிறகு நடந்ததை அந்த அம்மா வாயாலேயே பின்னால் கேட்டேன். மேல் பாதை தொடங்கும் இடத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவில், ஆள் ஒருவர் மட்டும் போகும் அளவுக்கு இடைவெளி. அங்கே அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றிருக்கிறார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், வயசாளிகளைக் கைபிடித்து வந்தவர்கள், எல்லோரும் அவரைத் திட்டியிருக்கிறார்கள். மெசேஜ் கீழ் ஓடை என்கிறது, இவர் கீழே போகச் சொல்கிறாரே என்று. ஓடிப்போய்ப் புருஷனைக் கூப்பிட அவருக்கு இரண்டு நிமிட தூரம்கூட இருந்திருக்காது. வழியை விட்டால் பின்னால் வருகிறவர்கள் ஏறிவிடுவார்கள். அவர் நகரவில்லை. எல்லோரும் திரும்பி, பாலத்தைத் தாண்டி ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஜெபாவின் அம்மாவும் அவர்களோடுதான். கடைசி ஆள் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் அவர் மேலே போயிருக்கிறார். அங்கே போக வழி இல்லை. பாதை இருந்த இடத்தில் சேறும் கல்லும் மரமும் ஓடிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலையில் மேல் ஓடை இறங்கும் வழியில் உபதேசியாரைக் கண்டெடுத்தார்கள்.

நானும் ஜெபாவோடு போனேன். மூணாறிலிருந்து ஜீப்பில். அடக்கம் எஸ்டேட் கல்லறைத் தோட்டத்தில். வேறு எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு உபதேசியார் ஜெபம் செய்தார், சனங்கள் பாடினார்கள். மழை விட்டிருந்தது. கல்லறையில் எல்லோரும் மண் போட்டார்கள். ஜெபா மண்ணைக் கையில் எடுத்தவள் போடாமல் வெகுநேரம் நின்றாள்.

முடிந்ததும் உபதேசியாரம்மாவே அவளிடம் வந்தார். அழுது ஓய்ந்த முகம். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நீ ரெண்டாவது கூப்பிடலன்னா நாங்க ஒருத்தரும் இல்ல ஏட்டி. ஒங்கம்மா இல்ல. இந்தப் புள்ளைக ஒண்ணும் இல்ல."

"முதல்ல கூப்பிட்டதும் நாந்தானம்மா."

அந்த அம்மா இல்லை என்று சொல்லவில்லை. அவள் தோளிலிருந்து கையை எடுக்கவும் இல்லை. நான் தள்ளிப்போய் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

திரும்பி வந்தபோது என்ன நடந்தது என்று பார்த்து எழுதும் பொறுப்பை கம்பெனி என்னிடம் கொடுத்தது. அந்தத் திட்டத்தில் நான் இல்லாததால் என்னை நம்பினார்கள். செருகிகள் மாறியிருந்ததைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. என்ன எழுதுவது என்பதில்தான் சிக்கல்.

எங்கள் மேனேஜர் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். கெட்டவர் இல்லை, இப்போதும் அப்படித்தான் சொல்வேன். அவர் அறையில் நானும் ஜெபாவும் சேகரும்.

"நேக்குப் புரியறது," என்றார். "ஆனா செருகி மாத்தினதுன்னு ஒரு வரி எழுதினா போறும். அது உண்மைதானே? பெயர் தப்புன்னு எழுதினா டிசைனே தப்புன்னு ஆயிடும். நாம பண்ணிக் கொடுத்த மத்த நிலையமும் நம்ம கைய விட்டுப் போயிடும். இங்க இத்தனை பேர் இருக்கா, அவா எல்லாம் எங்க போவா?"

சேகர் சுவரோரம் நின்றிருந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு சார்" என்றார். அவருக்கு வட்டவடையில் பூண்டு போட்டிருந்த கொஞ்சம் நிலமும் இந்தக் கான்ட்ராக்டும்தான்.

நான் சொன்னேன், "ஏனுங்க சார், போர்டுல முதல் செருகி, ரெண்டாவது செருகின்னுதானுங்க இருக்குது. மேல் ஓடைன்னு அதுல எங்கீங்க எழுதியிருக்குது? கோப்புக்குள்ளதான் இருக்குது. அது இவருக்கு எப்படித் தெரியுமுங்க?"

மேனேஜர் ஜெபாவைப் பார்த்தார். அவளைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார் என்பது எனக்கும் புரிந்தது. நான் உண்மையை எழுதினால் அது அவள் மேல் போய் விழும். எழுதாவிட்டால் சேகர் மேல்.

ஜெபாதான் அதை முடித்தாள்.

"அந்தப் பேர நாந்தான் வச்சேன் சார். அது போர்டப் பத்திச் சொல்லணும். நா மலையப் பத்திச் சொல்ல வச்சேன். அண்ணன் செருகிய மாத்தல, மாறுறதுக்கு அங்க எடம் வச்சது நாந்தான். அக்கா, அப்படியே எழுதுங்க."

"ஜெபா, நீ யோசிச்சுச் சொல்லு," என்றார் மேனேஜர்.

"யோசிச்சாச்சு சார்."

அப்படியே எழுதினேன். அவள் சொன்னதோடு குழு ஒத்துக்கொண்டதையும், செருகிகள் ஒரே மாதிரி இருந்ததையும், மாட்டிய பிறகு ஓடைக்குப் போய்ச் சோதிக்கும் முறை எங்களிடம் இல்லாததையும் எழுதினேன். ஒரு சாவுக்கு ஒரு காரணம் போதாது என்று அன்று எனக்குத் தோன்றியது. மேனேஜர் அதைச் சில நாள் மேசையில் வைத்திருந்தார். பிறகு ஒரு வார்த்தையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மற்ற நிலையங்களில் சில எங்களை விட்டுப் போயின, சில போகவில்லை. சேகர் வேலையில் தொடர்ந்தார்.

நீங்கள் இன்று கெடுபிடி என்று சொல்லும் முறை அதற்குப் பிறகு வந்தது. நோடின் பெயர் பொருள் என்ன என்பதோடு நிற்கும். ஓடையின் பெயர் லேபிளில். அந்த லேபிளை அலுவலகத்தில் உட்கார்ந்து யாரும் எழுத மாட்டோம். ஓடைக்கரையில் நிற்பவர் சென்சாருக்கு அடியில் ஒரு மரப்பலகையை நீட்டி, அளவு மாறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அங்கிருந்தே எழுதுவார். போர்டு மாற்றினால் மறுபடி எழுத வேண்டும். நமக்குத் தெரிவது போர்டில் இருப்பது மட்டும்தான். கேபிளின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று தெரிந்ததாக நினைத்துப் பெயர் வைக்காதீர்கள். அதைவிட முக்கியமானதையும் சொல்லிவிடுகிறேன். திரையில் தெரியும் பெயரும் நீங்கள் அறிந்த தண்ணீரும் ஒத்துப்போகாவிட்டால் தண்ணீரை நம்புங்கள். அவள் தானே வைத்த பெயரை நம்பாமல் இரண்டாம் முறை ஃபோன் செய்தாள். அந்த லயத்தில் இன்று ஆட்கள் இருப்பது அதனால்தான்.

எல்லா நிலையங்களின் கோப்புகளிலும் பெயர்களை மாற்றும் வேலையை அவளே கேட்டு வாங்கிச் செய்தாள். யாரையும் உதவிக்கு விடவில்லை. மழைக்காலம் முடியும்வரை அதே வேலைதான். வெளியே தூறல் விழுந்தால் எழுந்துபோய் உள் அறையில் உட்கார்ந்துகொள்வாள். எல்லாம் முடிந்ததும் சரிபார்க்க என்னிடம் அனுப்பினாள்.

உங்களுக்குத் தெரியும், பெயரை மட்டும் மாற்றும்போது அந்த மாற்றத்தோடு அனுப்பும் விளக்கத்தின் கடைசியில் ஒரு வழக்கமான வரி எழுதுவோம்: இதனால் செயல்பாட்டில் மாற்றம் எதுவும் இல்லை. படிப்பவர் பயப்படாமல் இருப்பதற்காக. அவள் அதை அடிப்பதைத் தடுப்புக்கு மேலாகப் பார்த்தேன். அடித்தாள், அழித்தாள். மறுபடி அடித்தாள். பிறகு முழுவதையும் அழித்துவிட்டு, அந்த வரி இல்லாமலேயே எனக்கு அனுப்பினாள். நான் அப்படியே ஒப்புதல் கொடுத்தேன்.

அந்த மாதக் கடைசியில் அவள் வேலையை விட்டாள். நான் தடுத்துப் பார்த்தேன். "உங்க மேல வருத்தமில்லக்கா, என்னால முடியல" என்றாள். இப்போது கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். எப்போதாவது பேசுவோம். உடம்பு எப்படி, வெயில் எப்படி என்று. அதைத் தாண்டிப் போக மாட்டோம்.

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். பழைய மாற்றங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாராம். இந்த ஒன்றில் மட்டும் அந்த வழக்கமான வரி விட்டுப்போயிருக்கிறதே, குறிப்பில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருந்தார். யார் என்று இங்கே சொல்ல மாட்டேன், நல்ல கண் உங்களுக்கு.

சேர்க்க வேண்டாம் கண்ணு. அது விட்டுப்போனது இல்லை.